ஒன்றும் போடாத பட்டு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "யாருக்குமா கல்யாணம்?" கேட்டவர் ஓர் ஆட்டோக்காரர். யாருக்கும் இல்லை என்றேன். "அப்ப வளைகாப்பா?" என்றார். அதுவும் இல்லை, ஐயம்பேட்டையில் பட்டு முறுக்குகிற பட்டறை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அதில் 'பட்டு' மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என் பெட்டியைப் பின்னால் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்து, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய புடவைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நான் புடவை வாங்க வரலைங்க."

"பாக்கறதுக்கு இன்னாமா? உள்ள ஏசி போட்டுருக்குது. பாத்துட்டு வாங்க, நான் இங்கியே நிக்கிறேன்."

கடையில் மோர் கொடுத்தார்கள். மோர் நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதைக் குடித்து முடிப்பதற்குள் என் முன்னால் புடவைகள் மடிமடியாக விரிந்துவிட்டன. எனக்கு வேண்டியது புடவை இல்லை, நூல்தான், அதுவும் சாயம் போடாத நூல், அதுவும் எலிக்கு என்றேன். விரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் மறுபடி மடிக்க ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் மட்டும் வழி முழுக்க, "எலிக்கு எதுக்குமா பட்டு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விளக்கி முடிப்பதற்குள் ஐயம்பேட்டையைத் தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வர வேண்டியதாயிற்று.

நான் மலேசியாவிலுள்ள பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். டாக்டர் இல்லை. குப்பி கழுவுவது, கரைசல் தயாரிப்பது, எலிகளுக்குத் தீனி வைப்பது, பேராசிரியர் தொலைத்த பொருள்களைத் தேடிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. நாங்கள் செய்கிற ஆய்வை இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் இருந்த நாளெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவர்கூடக் கடைசிவரை கேட்கவில்லை.

நடுக்குவாதம் வந்தவர்களின் மூளையில் ஒரு வகை நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. அவற்றைச் சாகவிடாமல் காக்கிற புரதங்கள் உண்டு. வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். சாதாரண ஊசியாகப் போட்டால் அவை இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை. மூளையிலேயே கொண்டுபோய் விட்டாலும் சீக்கிரம் அழிந்துவிடும். அதற்காக ஒருவர் மண்டையை அடிக்கடி துளைத்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் அந்தப் புரதத்தைப் பட்டுக்குள் பூட்டி வைக்கிறோம். பட்டு நூலைச் சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்க வைத்துப் பசையை எடுத்து, கரைத்து, நொய்யரிசியைவிடச் சின்னத் துண்டாக வார்த்து, ஒரே தடவை உள்ளே வைப்போம். அது வாரக்கணக்கில் மெல்லக் கரையும். கரையக் கரைய மருந்து வெளியே வரும். கடைசியில் எடுத்துப் போட எதுவும் மிஞ்சாது. இதெல்லாம் இப்போதைக்கு எலிகளுக்குத்தான்.

சிக்கல் என்னவென்றால், மருந்தே ஏற்றாத வெறும் பட்டை வைத்த எலிகளும் ஓரளவு தேறின. அவை தேறக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தவை அவை. எங்கள் பேராசிரியர் ஒரு சீனர், நல்ல மனிதர், ஆனால் சந்தோஷப்பட அவசரப்படுகிறவர். பட்டுக்கே ஏதோ சக்தி இருக்கிறது என்று குதித்தார். வேறு இடத்துப் பட்டை வாங்கிச் செய்து பார்த்தோம். அதை வெறுமனே வைத்த எலிகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பட்டில் மட்டும் என்ன இருக்கிறது?

அந்தப் பட்டைக் கொண்டுவந்தவன் எங்களிடம் படித்த சுரேந்தர். ஐயம்பேட்டைப் பையன். நூலைக் கொதிக்க வைக்கிற வேலையையும் அவனே செய்துவந்தான். பட்டம் வாங்கியதும் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது எது கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது. "நீ தமிழ். நீயே போ. நூல் வந்து இறங்குவதிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை பக்கத்திலேயே நின்று பார்" என்று பேராசிரியர் என்னை அனுப்பிவிட்டார். தமிழ் தெரிந்தால் காஞ்சிபுரத்தில் எல்லாம் புரிந்துவிடும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுரேந்தரின் அப்பா தயாளன், வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார். கர்நாடகத்திலிருந்து வருகிற கச்சாப் பட்டை முறுக்கி, நெசவுக்கு ஆகிற நூலாக்கிக் கொடுப்பது தொழில். காஞ்சிபுரத்தில் பட்டுப்புழுவே வளர்ப்பதில்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியதை மட்டும் அவர் முறுக்காமல், வந்தபடியே வளையமாகச் சுற்றிய சிட்டமாகத் தனியே எடுத்து வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் போனபோது வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தக் கை வெளியே வந்து மடியில் கிடந்தது. கிடந்தபடி தானாக உதறியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனை எலிகளின் கால்களில் பார்த்திருக்கிறேன்.

"வாங்க டாக்டரம்மா," என்றார்.

"நான் டாக்டர் இல்லண்ணே."

"அதனால இன்னாமா. எப்ப என் தலைல வெக்கப் போறீங்க?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் மனைவி வசந்தா தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலிக்கு நல்லா ஆயிடுச்சுன்னு புள்ள சொன்னான்மா. எலிக்கு அப்புறம் இவர்தானே?" என்றார். எனக்குச் சுரேந்தர் மேல் கோபம் வந்தது. ஊரைவிட்டுப் போகிறவன் வீட்டில் இப்படி ஒரு ஆசையை வைத்துவிட்டா போவான்? "பாக்கலாம் அண்ணி," என்று மென்று விழுங்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, கனமாக, ஒரு துண்டு தின்றாலே வயிறு நிறைகிற இட்லி. நான் மூன்று துண்டு தின்றேன். எங்கள் ஊரில் காலையில் பார்த்தவர்களை "பசியாறியாச்சா?" என்று கேட்போம். மறுநாள் காலையில் அதே மாதிரி வசந்தா அண்ணியைக் கேட்டேன். எனக்குத்தான் பசி என்று நினைத்து இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டார். அங்கே அதற்கு டிபன் என்று பெயராம். இன்னொன்று, "உங்க சொந்த ஊரு எது?" என்று கேட்கிறார்கள். மலேசியாவில் நான் பிறந்த தைப்பிங் என்றால் ஒத்துக்கொள்வதில்லை. "அது இல்லமா, சொந்த ஊரு?" தைப்பிங்தான் என்கிறேன். "சரி, அப்பா ஊரு?" அதுவும் தைப்பிங்தான். ஏதோ மறைக்கிறாள் என்பதுபோலப் பார்க்கிறார்கள்.

அன்று முழுக்கப் பட்டறையில் நின்றேன். எந்திரச் சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. நூல் வைக்கிற அலமாரி, நூலைத் தொடுகிறவர்களின் கை, தண்ணீர்த் தொட்டி, தரை எல்லாவற்றிலும் பஞ்சால் துடைத்துத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டேன். எந்திரம் ஓட்டுகிற செல்வி என்ற பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலீசாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லமா. எங்களுக்கு அனுப்புற நூல்ல ஏதாவது போடுவீங்களா? சோப்பு, கஞ்சி, மருந்து, ஏதாவது?"

"முறுக்கற நூலுக்கு எண்ணெத் தண்ணி காட்டுவோம்க்கா. உங்களுதுல ஒண்ணும் போட மாட்டோம்."

தயாளன் அண்ணனைக் கேட்டேன். "ஒண்ணும் போட மாட்டோம்மா." வசந்தா அண்ணியைக் கேட்டேன். "ஐயோ, அதுல எதுக்குப் போடப் போறோம்? வந்தது வந்தாப்பல." மூன்று பேரையும் தனித்தனியாக இன்னொரு தடவை கேட்டேன். ஒரே பதில். இதற்கு நடுவில் மின்சாரம் போனது. எந்திரம் நின்றதும் வந்த அமைதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் எதையோ துடைத்துக் கெடுத்துவிட்டேன் என்று செல்வி நினைத்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த நாள் வரவேண்டிய நூல் மூட்டை வரவில்லை. லாரி எங்கேயோ நிற்கிறதாம். "சும்மா ஏன் ஒக்காந்துக்கினு? மாகறல் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்," என்றார் தயாளன் அண்ணன். நான் கோயில் பார்க்க வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இந்த ஊரில் அந்த வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது.

எங்கள் ஊரில் பேருந்தில் இடம் இல்லையென்றால் அடுத்த பேருந்து. இங்கே ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை என்கிற நிலைமையே வருவதில்லை. என் மடியில் யாரோ ஒருவரின் காய்கறிப் பை. என் காலின் மேல் யாருடையதோ கால். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், ஓரிக்கை அருகே, ஆட்டோ இருமியது, நின்றது. ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டினார். பிறகு எங்களையும் இறங்கித் தள்ளச் சொன்னார். நானும் தள்ளினேன். பினாங்கில் யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த தயாளன் அண்ணனின் கை நடுங்கவே இல்லை. ஆட்டோ கிளம்பாது என்று தெரிந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

"வேல குடுத்தா அடங்கிக்கிதுமா," என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. "சும்மா வெச்சாத்தான் ஒதறுது. ஆனா வெரலு முன்ன மாதிரி சொன்னபடி கேக்க மாட்டேங்குது. சட்டை பட்டன அவதான் போட்டு வுடறா."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்புடறேன். எனக்கு ஓடியாடணும்னுலாம் இல்லமா. பட்டறைல நூலு அறுந்தா, செல்வி வந்து முடி போடறவரிக்கும் நான் வேடிக்க பாத்துக்கினு நிக்கிறேன். நானே முடி போடணும். அவ்ளோதான்."

வேறொரு ஆட்டோ பிடித்து மாகறல் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். ஜீராவில் ஊறிய அந்த உருண்டையை வைத்துக்கொண்டு கோபத்தைத் தொடர்வது கஷ்டம். ஆனாலும் நான் தொடர்ந்தேன்.

மூட்டை மறுநாள் காலையில் வந்தது. பிரித்தபோதே பக்கத்தில் நின்றேன். தயாளன் அண்ணன் நல்ல சிட்டமாக இரண்டை எடுத்து, புதுத் தாள் விரித்த பலகையில் வைத்தார். யாரும் தொடவில்லை, யாரும் எதுவும் தெளிக்கவில்லை. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத எரிச்சலோடு, கையுறையும் பையும் எடுத்துவர அறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வசந்தா அண்ணி தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பித்தளைக் குண்டான். அதில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அதற்குள் ஒரு சிட்டம் முழுசாக முங்கியிருந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லமா. மஞ்சத் தண்ணில நனைக்கிறேன். ஒரு அலசு அலசி நெழல்ல காயவெச்சா சாயங்காலம் கட்டிடலாம்."

"நான் கேட்டேனே அண்ணி. ஏதாவது போடுவீங்களான்னு அத்தனை தடவை கேட்டேனே."

"எதுவும் போடலியே," என்றார், உண்மையான குழப்பத்தோடு. "இது மஞ்சதானே."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஓரமாக நின்ற செல்வியும் தலையை ஆட்டினாள். மஞ்சள் என்பது போடுகிற பொருள் இல்லையாம். சோப்பு போடுவது, கஞ்சி போடுவது வேறு. மஞ்சள் காட்டுவது வேறு. என் கேள்விக்கு அவர்கள் மூன்று பேரும் சத்தியமான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"சாயப்பட்டறைக்கு வெள்ளையாத்தானே அனுப்புறீங்க? அதுக்கெல்லாம் மஞ்சள் காட்டுறதில்லையே?" என்றேன், கடைசி முயற்சியாக.

"அது வேலைக்குப் போறதுமா. இது மனுசன் ஒடம்புக்குள்ள போறது. அதுவும் இவர் தலைக்குள்ள. வெள்ள நூல வெறுமனே வாசப்படி தாண்ட வுடுவாங்களா? மொத மொத புள்ள எடுத்துக்கினு போனான் பாருங்க, அன்னிலேந்து ஒரு கட்டுகூட நான் வெறுமனே அனுப்புனதில்ல."

"சுரேந்தருக்குத் தெரியுமா?"

"அவனுக்கு இன்னா தெரியும்? கட்டிக் குடுத்தா தூக்கிக்கினு போறவன்."

வெள்ளை என்று பெயர்தானே தவிர, கர்நாடகத்திலிருந்து வருகிற அந்தப் பட்டே இளமஞ்சள் நிறம். அதில் இந்த மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? ஆய்வுக்கூடத்தில் கொதிக்க வைக்கும்போது போயிருக்காதா என்று கேட்கலாம். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை பட்டுத் துவைத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "எல்லாக் கட்டிலுமா?" என்றார். எல்லாவற்றிலும் என்றேன். மருந்து ஏற்றிய எலிகள் தேறியது வளர்ச்சிக் காரணியாலா, மஞ்சளாலா, இரண்டும் சேர்ந்தா, வேறு எதனாலா? இனி எதையும் சொல்ல முடியாது. இத்தனை வருட வேலையும் மறுபடி முதலிலிருந்து. "மஞ்சள் போட்டது ஒன்று, போடாதது ஒன்று, இரண்டையும் கொண்டு வா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி போய்விட்டது. நான் பேசியதிலிருந்து 'மஞ்சள்', 'மூளை', 'தேறியது' என்ற மூன்று சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டில் சாம்பாரும் மஞ்சள், கூட்டும் மஞ்சள், ரசமும் மஞ்சள். தயாளன் அண்ணனுக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர் மஞ்சள் பால். தின்கிற மஞ்சள் மூளைக்குப் போய்ச் சேருமா என்பதே தெரியாது, எலிக்கு எதனால் நல்லதாயிற்று என்பதும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தெரியலன்னாதான் இன்னா, குடிச்சா கெட்டதா பூடும்?" என்றார் வசந்தா அண்ணி. மாலையில் சோப்பு வாங்கக் காஞ்சிபுரம் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் இன்னொருத்தியிடம், "மஞ்சள அரைச்சு உச்சந்தலைல வெச்சா கை ஒதறல் நிக்குமாம், மலேசியாலேந்து ஒரு டாக்டர் வந்து சொல்லிக்கினு இருக்குது," என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பட்டறை ஓய்ந்திருந்தது. தயாளன் அண்ணன் எந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவியைக் காபி போட அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பெரிய தப்பு ஆயிடுச்சாமா?"

"தப்புன்னு இல்லண்ணே. மறுபடி செய்யணும்."

"எனக்கு இது ஆவாது, இல்ல?"

எவ்வளவோ பதில் தயாராக வைத்திருந்தேன். எலி, அனுமதி, காலம் என்று சுற்றி வளைத்துச் சொல்கிற பதில்கள். "ஆகாதுண்ணே," என்றேன். "இந்த மஞ்சள் விஷயமே இல்லாம இருந்திருந்தாலும் உங்களுக்கு ஆகியிருக்காது. எலியிலயே இன்னும் முடியல. மனுசருக்கு வர எவ்வளவு வருசம் ஆகும்னு யாருக்கும் தெரியாது. வராமலே போகலாம். இதை சுரேந்தர் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டுப் போயிட்டான்னு எனக்கு அவன் மேல கோவம் கோவமா வருது."

"அவன் சொல்லிட்டான்மா."

"எப்போ?" என்றேன்.

"போவறதுக்கு முன்னாடியே என்னாண்ட சொல்லிட்டான். அழுதான்கூட. நான்தான் அவகிட்ட சொல்ல வேணான்னுட்டேன். அவ ஒவ்வொரு கட்டுக்கும் குளிச்சு, மஞ்சக் கரைச்சுக்கினு இருக்கறா, அத்த எப்டி நிறுத்தறது? அதான் அன்னிக்கு நீங்க வந்து ஒக்காந்ததும் அப்டிக் கேட்டேன். அவ நின்னுக்கினு இருந்தா இல்ல."

மடியில் கை உதறிக்கொண்டே இருந்தது. நான் அத்தனை நாளும் அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை.

"மஞ்சப் போட்டது மட்டும் எடுத்துக்கினு போனா ஆவாதா?" என்றார்.

"ஆகாதுண்ணே. வெள்ளை இல்லாம எதையும் கண்டுபிடிக்க முடியாது."

"வெள்ளையா ஒண்ணு வாசப்படி தாண்டுனா அவளுக்குத் தெரிஞ்சிடும். இது எனக்கு இல்லன்னு."

காபி வந்தது. குடித்தோம். காபியில் நல்லவேளையாக மஞ்சள் இல்லை.

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். முதல் நாள் நனைத்துக் காய்ந்த சிட்டத்தை வசந்தா அண்ணி தன் கையாலேயே தாளில் சுற்றி என் பைக்குள் வைத்தார். கையில் அப்போது அரைத்த மஞ்சள் இருந்தது. குங்குமத்தோடு எனக்கு வைத்து அனுப்புவதற்காகக் கொண்டுவந்திருந்தார். பலகையில் இன்னொரு சிட்டம் அப்படியே கிடப்பதைப் பார்த்தார்.

"அத்தயும் குடுங்க, நனைச்சுத் தரேன். பையில வெச்சு ஈரமாவே கொண்டு போவட்டும்."

"அது அப்டியேதான் போவுது வசந்தா," என்றார் தயாளன் அண்ணன். "நானே தரேன். நீ தொட வேணாம்."

அவருக்கு நான் கையுறை போட்டுவிட்டேன். சட்டைப் பொத்தான் போட முடியாத விரல்களுக்குக் கையுறை போடுவது லேசில்லை. ஒவ்வொரு விரலாக இழுத்துவிட வேண்டியிருந்தது. சுண்டு விரல் இரண்டு தடவை பக்கத்து விரலின் அறைக்குள் போய்விட்டது. எனக்கு வழக்கம்போல எரிச்சல் வந்தது. கையுறை மேல், அதைச் செய்தவன் மேல், எல்லாவற்றின் மேலும். அவர் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வசந்தா அண்ணி கையுறை போட்ட கையைப் பார்த்தார். பிறகு கேட்டார், "வெறுமனே அனுப்பறீங்கன்னா, இது ஒங்களுக்கு இல்லியா?"

"இல்ல," என்றார்.

"எப்பத்திலேந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

தயாளன் அண்ணன் சிட்டத்தை இரண்டு கையாலும் எடுத்தார். "யாருக்காவது ஆவட்டும்," என்றார். வாசற்படி வரை வந்து, படிக்கு வெளியே நின்ற என்னிடம் நீட்டினார். நீட்டியபோது அந்தக் கை அசையவே இல்லை. நான் உறையை விரித்து வாங்கிக்கொண்டேன். நூல் கையை விட்டுப் போனதும், நீலக் கையுறைக்குள் அது மறுபடி உதற ஆரம்பித்தது. வசந்தா அண்ணி பக்கத்தில் வந்து, மஞ்சள் பூசிய இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் உறையை இன்னும் மூடவில்லை, எனக்கும் கையுறை இருந்தது, அவர்கள் கையெல்லாம் மஞ்சள். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் உறையின் வாயை ஒட்டிக்கொண்டு படியை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன்.